பழைய மஸ்டாங்குக்கு எந்த என்ஜின்? ஜொகூரிலிருந்து ஒரு கணக்கு

அறுபதுகளில் வார்த்த வி-8 பிளாக் ஒன்றில் விரிசல் விழுந்துவிட்டது. அல்லது பலமுறை ரீபோர் செய்து சிலிண்டர் சுவர் மெலிந்துபோய், இனிக் கடைய இடமில்லை. வண்டியின் உடலோ நன்றாக இருக்கிறது. அந்த இடத்தில் எதை இறக்குவது?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி மஸ்டாங்கைவிட மூத்தது. 1932-இல் ஃபோர்டு மலிவு விலையில் வி-8 விற்கத் தொடங்கியதுமே, அதைக் கழற்றிப் பழைய மாடல்-டி, மாடல்-ஏ உடல்களில் பொருத்தும் பழக்கம் பிறந்துவிட்டது. 1955-இல் செவ்ரோலே தன் சிறிய பிளாக் வி-8-ஐக் கொண்டுவந்தபோது அது எல்லாக் கம்பெனிக் கார்களுக்குள்ளும் புகுந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பதில்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன. பிறந்த என்ஜினையே காப்பாற்று என்பது ஒன்று. அதே குடும்பத்தில் இன்னொன்றை எடு, புதிய தலைமுறை வி-8 போடு, ஜப்பான் என்ஜின் போடு என்பவை அடுத்தவை. கடைசியாக வந்தது மின்மோட்டார்.

இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கச் சாலையையும் அமெரிக்கச் சட்டத்தையும் அமெரிக்கக் காயலான் கடையையும் மனத்தில் வைத்துச் சொன்னவை. ஜொகூரில் அவற்றை மூன்று விஷயங்கள் வளைக்கின்றன: சிசி கணக்கில் ஏறும் சாலை வரி, வலப்பக்க ஸ்டியரிங், கிராண்ட் எனப்படும் பதிவுச் சான்றிதழில் அச்சாகியிருக்கும் என்ஜின் எண். குதிரைத்திறனைப் பற்றிய சண்டையெல்லாம் இந்த மூன்றையும் தாண்டி வந்த பிறகுதான்.

வண்டிகள் வந்த வழி

அமெரிக்கக் கம்பெனிகள் இந்தப் பக்கத்துக்குப் புதியவை அல்ல. சிங்கப்பூரின் புக்கித் தீமாவில் ஃபோர்டு தொழிற்சாலை 1941-இல் திறந்தது. மறுவருடம் பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அதே கட்டடத்தில்தான். ஜொகூர் பாருவின் தம்போயில் 1960களின் பிற்பகுதியில் எழுந்த கார் இணைப்பு ஆலை, பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போய், ஓப்பலும் ஹோல்டனும் கட்டியது. ஆனால் இங்கெல்லாம் கட்டியவை குடும்பக் கார்கள். 1964-ஐ ஒட்டி ஒரே காலத்தில் பிறந்த மஸ்டாங்கும் போண்டியாக் ஜிடிஓவும் இங்கே கட்டப்படவில்லை.

ஆகவே ஜொகூரில் நிற்கும் ஒவ்வொரு அமெரிக்கக் காரும் தனித்தனியாக வந்தது. பின்னால் டீலரும் இல்லை, உதிரிபாகக் கிடங்கும் இல்லை. என்ஜின் போனால் பக்கத்துத் தாமானில் இன்னொன்று கிடைக்காது. அமெரிக்க வாதங்கள் எல்லாம் அங்கே எளிதில் கிடைக்கும் பழைய என்ஜின்களை நம்பி நிற்பவை. இங்கே அந்த அடித்தளம் இல்லை என்பதை முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

பிறந்த என்ஜினே வேண்டும் என்போர்

இந்தத் தரப்பின் வேர் அமெரிக்கச் சேகரிப்பாளர் உலகில் இருக்கிறது. பிளாக்கில் குத்திய எண் வண்டியின் அடையாள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும், வார்ப்புத் தேதி வண்டி கட்டிய தேதிக்குச் சற்று முந்தியிருக்க வேண்டும் என்றெல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். கொர்வெட் காருக்கு 1974-இல் அமைந்த உரிமையாளர் சங்கம் இதை மதிப்பெண் போடும் முறையாகவே வளர்த்துவிட்டது. 1966-இல் தொடங்கிய பன்னாட்டுப் பழங்கார் கூட்டமைப்பான ஃபீவாவும் வண்டியைக் கலாசாரச் சொத்தாகப் பார்க்கிறது. பழுது பார்ப்பதே முதல் வழி, மாற்றுவது கடைசி வழி என்பது அதன் சாய்வு.

விரிசல் விழுந்த வார்ப்பிரும்பைத் தைக்கவும் முடியும். தேய்ந்த சிலிண்டருக்கு லைனர் அடிக்கலாம். மலேசியாவில் லாரி என்ஜின்களுக்கு லைனர் அடித்துப் பழகிய கடைசல் பட்டறைகளுக்கு இது புதிய வேலை அல்ல. கிராண்டில் எண் மாறாது; சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. ஜொகூர்க் கண்ணோட்டத்தில் இந்தத் தரப்பின் மிகப் பெரிய பலம் இதுதான். அமெரிக்கர்கள் இதைப் பேசுவதே இல்லை, அவர்களுக்கு அது பொருட்டும் அல்ல.

பலவீனங்களும் உண்டு. முதலாவது, இங்குள்ள வண்டிகளில் பல ஏற்கெனவே கை மாறி, என்ஜின் மாறி வந்தவை. காப்பாற்றுவதற்குப் பிறந்த என்ஜின் இருக்கிறதா என்பதே கேள்வி. இரண்டாவது, அந்தக் கால என்ஜின்களில் பல 10-க்கு மேற்பட்ட அழுத்த விகிதத்தில் கட்டப்பட்டவை, இரும்பு ஹெட். ரான்95 பெட்ரோலில், 33 டிகிரி வெயிலில், ஏசி போட்டு, சிங்கப்பூர்க் காஸ்வே நெரிசலில் ஊர்ந்தால் நாக்கிங் சத்தம் கேட்கும். ஈயம் கலந்த பெட்ரோல் போன பிறகு, கடினப்படுத்திய வால்வ் சீட் போடாத ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வ் மெல்ல உள்ளே அமிழ்ந்துபோகும். இவற்றையெல்லாம் சரிசெய்தால் என்ஜின் நன்றாக ஓடும். ஆனால் அப்படிச் சரிசெய்தது இன்னும் ‘பிறந்த’ என்ஜின்தானா என்று இந்தத் தரப்பே தங்களுக்குள் அடித்துக்கொள்கிறது.

அதே குடும்பம், இன்னொரு பிள்ளை

இரண்டாவது தரப்பு நடைமுறைவாதிகள். ஃபோர்டின் விண்ட்சர் குடும்பம் 1962-இல் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டு உற்பத்தியில் இருந்தது. (இத்தனை அமெரிக்கப் பெருமிதம் பேசும் இந்த என்ஜினின் பெயர் ஒரு கனடா நகரத்தின் பெயர்.) 289 (கன அங்குலக் கொள்ளளவே பெயர்) போனால் 302, செவ்ரோலேயில் 327 போனால் 350. மவுண்டிங் பொருந்தும், கியர்பாக்ஸ் பொருந்தும், போனட்டைத் திறந்து பார்ப்பவர் பத்தில் ஒன்பது பேருக்கு வித்தியாசம் தெரியாது. பெட்டியில் அடைத்துப் புதிதாக விற்கும் கிரேட் என்ஜின்கள் வந்த பிறகு இந்த வழி இன்னும் எளிதானது.

எளிது என்ற சொல்லில்தான் கண்ணி இருக்கிறது. பழைய 289-க்கும் எண்பதுகளுக்கு முந்தைய 302-க்கும் ஃபிளைவீலிலும் முன்பக்க டேம்பரிலும் 28 அவுன்ஸ்-இஞ்ச் எதிர்ச்சமன் இருக்கும். எண்பதுகளில் ஃபோர்டு அதை 50-ஆக உயர்த்தியது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்; போல்ட் துளைகளும் ஒன்றுதான். 5.0 என்ற பெயரில் வந்த புதிய 302 பிளாக்கை வரவழைத்து, பழைய ஃபிளைவீலைத் துடைத்து மாட்டினால் வண்டி ஓடும். மூவாயிரம் ஆர்பிஎம் தாண்டியதும் டேஷ்போர்டு நடுங்கும். அப்படியே விட்டால் அந்த அதிர்வு மெயின் பேரிங்கைத் தின்றுவிடும். கிராங்கின் பின் சீல் முன்பு இரண்டு துண்டு, பின்பு ஒரே துண்டு. கேம்ஷாஃப்டைப் பொறுத்து ஃபயரிங் ஆர்டரும் மாறும். இதைத் தெரிந்த பட்டறைப் போமன் கையில் இது மூன்று நாள் வேலை. தெரியாதவர் கையில் மூன்று மாதம் நிற்கும்.

இன்னொன்று. ஆறு சிலிண்டரோடு பிறந்த மஸ்டாங்குக்கு வி-8 இறக்க நினைப்பவர்கள் என்ஜினை மட்டும் விலை விசாரிக்கிறார்கள். அந்த வண்டிக்குச் சக்கரத்துக்கு நான்கு போல்ட்தான், பிரேக் டிரம் சிறியது, பின் ஆக்ஸில் மெல்லியது. என்ஜின் மாற்றம் அங்கே வண்டியில் பாதியை மாற்றுவதில் போய் முடியும்.

சக்தி எண்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 1972-க்கு முந்தைய அமெரிக்கக் குதிரைத்திறன் எண்கள், ஏர்கிளீனரும் சைலன்சரும் ஆல்டர்னேட்டரும் இல்லாத வெறும் என்ஜினை மேடையில் வைத்து அளந்தவை. 289-இன் உச்ச வகைக்குச் சொல்லப்படும் 271-ஐ இன்றைய என்ஜினின் எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியாகாது.

புதிய தலைமுறை வி-8

1997-இல் கொர்வெட்டில் வந்த எல்எஸ்1 இந்த வாதத்தின் போக்கையே மாற்றியது. அலுமினிய பிளாக், பழைய பாணியில் புஷ்ராடு, அதனால் குறுகிய உடல், கம்ப்யூட்டர் இன்ஜெக்‌ஷன். ஃபோர்டு 2011 மஸ்டாங்கில் கொயோட் என்ற 5.0 லிட்டரைக் கொண்டுவந்தது. கிரைஸ்லர் பக்கம் 2003 முதல் புதிய ஹெமி. சாவியைத் திருப்பினால் ஓடும், வெயிலில் கார்ப்பரேட்டர் கொதிக்காது, நாக் சென்சார் இருப்பதால் பெட்ரோலுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பவை ஆதரவாளர் சொல்லும் காரணங்கள். நம் வெயிலுக்கு இவை வலுவானவை என்றே தோன்றுகிறது.

ஆனால் கொயோட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் இரட்டை கேம்ஷாஃப்ட். ஹெட் அகலம். பழைய மஸ்டாங்கின் இரண்டு முன் ஸ்பிரிங் கூடுகளுக்கு இடையில் அது உட்காராது. அந்தக் கூடுகளை வெட்டி எடுத்து, முன் சஸ்பென்ஷனையே வேறு வகைக்கு மாற்ற வேண்டும். அமெரிக்காவில் இதற்கு ஆயத்தத் தொகுதியே விற்கிறார்கள். இங்கே அது என்ஜின் மாற்றம் என்ற எல்லையைத் தாண்டி வண்டியின் அமைப்பையே மாற்றியதாகிவிடும். சோதனைக்குப் போகும்போது கேள்விகள் இரட்டிப்பாகும். எல்எஸ் அவ்வளவு அகலமில்லை என்றாலும் அதற்கு எரிபொருள் 4 பார் அழுத்தத்தில் வர வேண்டும். பழைய கார்ப்பரேட்டர் பம்ப் தருவது அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். டேங்க், பைப், பம்ப் எல்லாம் புதிது.

ஸ்டியரிங் பிரச்சினையும் இங்கேதான் முழுதாகத் தெரியும். தொழிற்சாலையிலிருந்தே வலப்பக்க ஸ்டியரிங்கோடு மஸ்டாங் பரவலாக வந்தது ஆறாம் தலைமுறையில், 2015 முதல்தான். அதற்கு முந்தையவற்றைப் பட்டறையில் மாற்ற வேண்டும். மாற்றிய வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸ் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, அந்தப் பக்க எக்ஸாஸ்டின் வழியை மறிக்கும். அமெரிக்கத் தொகுதிகளில் வரும் ஹெட்டர் எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங்கை நினைத்து வளைத்தவை. ஆஸ்திரேலியாவில் வலப்பக்க ஃபால்கன் 1966 முதலே 289-ஓடு வந்ததால், விண்ட்சர் குடும்பத்துக்கு வலப்பக்க அனுபவம் அங்கே நிறைய உண்டு. ஜொகூர்க்காரர் ஒருவர் அமெரிக்கப் பட்டியலைப் புரட்டுவதைவிட ஆஸ்திரேலியப் பட்டியலைப் புரட்டுவது பயன்தரும். இது பலரும் தவறவிடும் ஒன்று.

ஹாஃப்கட்: உள்ளூர் பதில்

நான்காவது தரப்பு மலேசியாவின் சொந்தச் சரக்கு. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாண்டு கழித்தும், பின்பு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை, செலவு அதிகம். அதனால் நன்றாக ஓடும் கார்களே அங்கே கழிக்கப்படுகின்றன. அவற்றை நடுவில் அறுத்து, என்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், ஈசியு, டேஷ்போர்டு எல்லாம் ஒட்டியபடி முன்பாதியைக் கொண்டுவந்து விற்பதுதான் ஹாஃப்கட். இவற்றை விற்கும் நம் ஊர்ப் போத்தோங் கடைகளின் பொருளாதாரம் இதன்மேல் நிற்கிறது. 2009 அக்டோபரில் வெளியான தேசிய வாகனக் கொள்கை மறு ஆய்வு, பழைய உதிரிபாக இறக்குமதியை 2011 ஜூன் முதல் நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, வியாபாரம் நிற்கவில்லை.

கேஇ70 கொரொல்லாவுக்கு 4ஏ-ஜிஇ இறக்குவதும் புரோட்டோன் சாகாவுக்கு மிட்சுபிஷியின் பெரிய அண்ணனை இறக்குவதும் இந்த மரபில் வந்தவை. அமெரிக்கக் காருக்கு டொயோட்டா என்ஜின் என்றால் அமெரிக்கர் முகம் சுளிக்கலாம். இங்கே அது பழகிய கைவேலையின் நீட்சி. முன்னால் நிற்பவை மூன்று: 1989-இல் முதல் லெக்சஸோடு வந்த நான்கு லிட்டர் வி-8 ஆன 1யூஇசட், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஆறு சிலிண்டர் 1ஜேஇசட், 2ஜேஇசட். உதிரிபாகம் கிடைக்கும், வயரிங் தெரிந்த கைகள் கிடைக்கும், ஏசி வேலை செய்யும்.

எதிர்வாதத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆறு சிலிண்டர் என்றதும் இலேசு என்று எண்ணுகிறார்கள். 2ஜேஇசட்டின் பிளாக் வார்ப்பிரும்பு, டர்போ சேர்ந்தால் எடையில் 302-ஐ விட்டுப் பெரிதாக இறங்காது. நீளம் வேறு கூடுதல்; ரேடியேட்டர் முன்னே தள்ளும். ஜேஇசட்டின் எக்ஸாஸ்டும் டர்போவும் வலப்பக்கம். மாற்றிய ஸ்டியரிங்கும் வலப்பக்கம். ஆயில் சம்ப் முன்னாலா பின்னாலா என்பதைப் பார்க்காமல் வாங்கினால் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். விலையோ உலகமெங்கும் தேவை எழுந்த பிறகு பழைய மலிவில் இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலே சத்தம். 1யூஇசட் வி-8-ஆகவே பேசும், கொஞ்சம் நாகரிகமாக. ஜேஇசட் எவ்வளவு வேகமாகப் போனாலும் மஸ்டாங் குரல் எடுக்காது. சத்தத்தை வாதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். இத்தகைய வண்டி வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்று யோசித்தால், எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சிசி ஏணி

அமெரிக்க வாதங்களில் எங்கும் காணாத, இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் காரணி இதுதான். தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் உள்ள சாலூன் காருக்கு 1,600 சிசி வரை சாலை வரி 90 ரிங்கிட்டைத் தாண்டாது. அதற்கு மேல் ஏணி செங்குத்தாகிறது. 2,500 சிசியைக் கடந்தால் 880 ரிங்கிட், மேலே சிசிக்கு 2 ரிங்கிட் 50 சென். 3,000 சிசியைக் கடந்தால் 2,130 ரிங்கிட், மேலே ஒவ்வொரு சிசிக்கும் 4 ரிங்கிட் 50 சென்.

இதில் வைத்துப் பார்த்தால், 4,728 சிசி உள்ள 289-க்கு ஆண்டுக்கு 9,906 ரிங்கிட். 302-க்கு 10,869. செவ்ரோலே 350-க்கு 14,428. எல்எஸ்1-இன் பெரிய தம்பி எல்எஸ்3 என்றால் 16,359. 1யூஇசட் சுமார் 6,490-இல் நிற்கும். 2,997 சிசி உள்ள 2ஜேஇசட் மூவாயிரத்துக்கு மூன்று சிசி குறைவாக நழுவி 2,122-இல் தப்பிக்கும். 1ஜேஇசட்டுக்கு 871.

இந்த எண்களைப் பார்த்தால் மலேசியர்கள் ஏன் 1,587 சிசி 4ஏ-ஜிஇயைக் கொண்டாடினார்கள் என்பதும் விளங்கும். அது 90 ரிங்கிட் படியின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. உள்ளூர் ரசனை என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு வரி அட்டவணையின் கைங்கரியம்.

இன்னொரு விஷயமும் வெளிப்படுகிறது. கொயோட் 4,951 சிசி. 302-இலிருந்து அதற்குத் தாவினால் வரி கூடுவது நாற்பது ரிங்கிட்தான். சக்தியோ ஏறக்குறைய இரட்டிப்பு. அமெரிக்காவில் எல்எஸ் எளிது, கொயோட் சிக்கல் என்று முடிந்துபோன வாதம், இங்கே ஃபோர்டு உடலுக்கு அவ்வளவு தெளிவாக முடியவில்லை. அகலப் பிரச்சினை ஒரு தட்டில், எல்எஸ்3-ஐவிட ஆண்டுதோறும் மிச்சமாகும் ஐயாயிரத்துச் சொச்சம் ரிங்கிட் மறுதட்டில்.

பழைய வாகனங்களுக்கு நிபந்தனைகளோடு சாலை வரிச் சலுகை உண்டு. அது கிடைத்த வண்டிக்கு மேற்சொன்ன இடைவெளி வெகுவாகச் சுருங்கும். முதல் இரண்டு தரப்புகளின் கை ஓங்கும். கிடைக்காத வண்டிக்கு ஏணி அப்படியே நிற்கும்.

கிராண்டும் காப்புறுதியும்

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் என்ஜின் எண்ணும் கொள்ளளவும் பதிவேட்டில் உள்ளவை. மாற்றினால் ஜேபிஜே அனுமதி வேண்டும், வண்டி சோதனைக்குப் போக வேண்டும், என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீதும் இறக்குமதிப் பத்திரமும் வேண்டும். பத்திரம் இல்லாத மலிவு என்ஜின் மலிவே அல்ல. பதிவில் ஒன்றும் போனட்டுக்குள் வேறொன்றுமாக ஓடும் வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. மேலே சொன்ன வரி ஏணி, மாற்றத்தைப் பதியாமல் விடும் ஆசையையும் சேர்த்தே வளர்க்கிறது என்பது கசப்பான உண்மை. அனுமதி கேட்பதை என்ஜின் வாங்கிய பின் வைத்துக்கொள்வதே இங்கே அதிகம் நடக்கும் தவறு.

மின்மோட்டார்

2021-இல் ஃபோர்டு, பழைய வண்டிகளில் பொருத்தவென்றே ஒரு மின்மோட்டாரைப் பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கியது. அந்தப் பெட்டியில் பேட்டரி கிடையாது. எடையும் விலையும் தொல்லையும் பேட்டரியில்தான். மின்மாற்றம் பெற்ற வண்டியைப் பழமைக்குரிய வாகனமாகக் கருத முடியாது என்பது ஃபீவாவின் நிலை. 2026 முதல் மலேசியாவில் மின்வண்டிக்குக் கிலோவாட் கணக்கில் சாலை வரி என்பதால் சிசி ஏணியிலிருந்து தப்பிக்கும் ஆசை எழலாம். இப்போதைக்கு இது ஜொகூரின் கேள்வியாக ஆகவில்லை.

தீராதவை

தற்காலிகமாகச் சொல்வதானால், பிறந்த பிளாக் கையில் இருக்கும் வண்டிக்கு லைனர் அடித்துக் காப்பாற்றுவதும், இல்லாத வண்டிக்கு அதே குடும்பத்து, அதே கொள்ளளவுக்கு அருகிலுள்ள என்ஜினும் இங்கே மிகக் குறைந்த உராய்வுள்ள வழிகளாகத் தெரிகின்றன. தினமும் ஓட்ட நினைப்பவருக்கு 1யூஇசட்டின் வாதம் மற்ற ஜப்பான் என்ஜின்களைவிட வலுவானது. எல்எஸ், கொயோட் பக்கம் போவோர் என்ஜின் விலையைவிட ஸ்டியரிங், எக்ஸாஸ்ட், பத்திரம் மூன்றையும் முதலில் விலை போட வேண்டும்.

ஆனால் இந்த வரிசை நிலையானது அல்ல. சிசி அடிப்படையிலான வரி என்றாவது மாறினால் ஜேஇசட்டின் பாதிக் கவர்ச்சி ஒரே நாளில் போய்விடும். ஹாஃப்கட் வரத்தும் அப்படித்தான்: ஜப்பானில் இன்று கழிபவற்றில் பல ஹைபிரிட் வண்டிகள், அவற்றின் என்ஜினைப் பழைய உடலில் இறக்கும் கைவேலை இன்னும் வேர் பிடிக்கவில்லை. என்ஜின் மாறிய பழைய வண்டிக்குச் சலுகை எதுவரை பொருந்த வேண்டும் என்பதிலும் கொள்கை அளவில் விவாதத்துக்கு இடமிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலான ஒன்று, ஏற்கெனவே மாறிவிட்ட வண்டிகளைப் பற்றியது. ஃபீவாவின் வரையறைப்படி முப்பது வயது நிறைந்தால் வாகனம் வரலாற்றுக்குரியதாகத் தகுதி பெறத் தொடங்குகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்து 1யூஇசட்டும் 1ஜேஇசட்டும் அந்த வயதைத் தாண்டிவிட்டன. அக்காலத்திலேயே அப்படி ஒரு என்ஜினை ஏற்றுக்கொண்டு, முறையாகக் கிராண்டில் பதிவாகி, பிறந்த என்ஜினோடு இருந்ததைவிட அதிக ஆண்டுகள் இதனோடு ஓடிய மஸ்டாங் ஒன்று இருந்தால், அதை மறுபடி 289-க்குத் திருப்புவது மீட்டெடுப்பா, இன்னொரு மாற்றமா? பிறந்த என்ஜின் கட்சி முதலாவது என்று சொல்லும். வண்டியின் வாழ்க்கையைச் சான்றாகப் பார்ப்பவர்கள் இரண்டாவது என்பார்கள். மலேசியாவின் ஹாஃப்கட் காலத்தையே ஒரு வரலாற்றுக் கட்டமாக எண்ணிப் பதிவு செய்யும் முயற்சி எழாதவரை, இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு உரிமையாளரும் தனியாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.